பிசிஜிஎஸ் காயின்ஃபேக்ட்ஸ்: அமெரிக்க சில்லறையில தேடுறவங்க கண்டிப்பா வச்சிருக்க வேண்டிய ஆப்

1976 குவாட்டர் (25 சென்ட் காசு) கையில இருந்தா லட்சக்கணக்கான டாலர்னு வர்ற வீடியோ எல்லாம் பாத்துட்டு சில்லறை டப்பாவ கொட்டித் தேடுறவங்க, தயவுசெஞ்சு மொதல்ல இந்த ஆப்ப போன்ல ஏத்திக்கோங்க. காசுக்கு கிரேடு, அதாவது தர மதிப்பெண் போடுற பிசிஜிஎஸ் கம்பெனியோடது இது. ஃப்ரீதான், வெப்சைட்டாவும் இருக்கு. ஒவ்வொரு அமெரிக்க காசுக்கும் தனிப் பக்கம், எத்தன அடிச்சாங்க, எடை என்ன, என்ன உலோகம், எந்த கிரேடுக்கு என்ன விலை, அந்த கிரேடு இதுவரைக்கும் எத்தன காசுக்கு கெடச்சிருக்கு, ஏலத்துல நெஜமாவே எவ்வளவுக்குப் போச்சுன்னு எல்லாம் ஒரே இடத்துல வருது.

அந்த 1976 குவாட்டரையே எடுத்துக்கோங்க, 1776-1976னு ரெட்டை வருஷம் போட்டு முரசு அடிக்கிறவர் படத்தோட வந்தது, பிலடெல்ஃபியா மின்ட்ல (காசு அடிக்கிற எடம்) மட்டும் 80 கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க, அதனால கை மாறி கை மாறி தேஞ்ச காசு இன்னிக்கும் வெறும் 25 சென்ட்தான். பழசுங்கறதுக்காக விலை ஏறாது. 1964 வரைக்கும் வந்த டைம் (10 சென்ட் காசு), குவாட்டர்ல 90 சதவீதம் வெள்ளி, அதுக்கு உலோக மதிப்பே இருக்கு. 1965ல இருந்து வெள்ளிய எடுத்துட்டு செம்பு-நிக்கல் ஆக்கிட்டாங்க, அதுக்கப்புறம் புழக்கத்துக்கு வந்ததுல உலோகத்த நம்பி ஒண்ணும் இல்ல.

அப்ப எதுல விலை? இங்கதான் இந்த ஆப் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1982 பிலடெல்ஃபியா குவாட்டர் பக்கத்த தொறந்து பாருங்க. அடிச்சது 50 கோடி, ஆனா அந்த வருஷமும் 1983லயும் மின்ட் வழக்கமா விக்கிற புது காசு செட்ட விக்கவே இல்ல, அதனால யாரும் பெருசா எடுத்து வைக்கல, எல்லாம் புழக்கத்துல போய் தேஞ்சிடுச்சு. கிரேடு போடுற ஷெல்டன் ஸ்கேல் 1ல இருந்து 70 வரைக்கும், அதுல 60ல இருந்து 70 வரைக்கும் புழங்காத காசுக்கான கிரேடு, அத எம்எஸ் (மின்ட் ஸ்டேட்)னு போடுவாங்க, எம்எஸ் 63க்கும் எம்எஸ் 67க்கும் நடுவுல விலை எப்படித் தாவுதுன்னு அந்தப் பக்கத்துலயே தெரியும். எத்தன அடிச்சாங்கங்கறத விட எத்தன நல்லா தப்பிச்சுதுங்கறதுதான் கணக்கு, இது புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

நிக்கல்லயும் (5 சென்ட் காசு) இதே கதைதான், பின்பக்கம் இருக்கற மாண்டிசெல்லோங்கற ஜெஃபர்சன் வீட்டுக்கு முன்னாடி இருக்கற படிக்கட்டு அஞ்சோ ஆறோ முழுசா தெளிவா விழுந்திருந்தா ஃபுல் ஸ்டெப்ஸ்னு தனியா குறிப்பாங்க, 1960கள்ல வந்த நிக்கல்ல அப்படி கெடைக்கறது ரொம்ப கஷ்டம், சாதா காசு பக்கத்துலயே ஃபுல் ஸ்டெப்ஸ் விலையும் போட்டிருக்கறதால வித்தியாசம் கண்ணுல அடிக்குது. பென்னிக்கு (1 சென்ட் காசு) நிறம் முக்கியம், சிவப்பு மாறாம இருக்கணும்.

வெரைட்டி, அதாவது அச்சுல சின்ன வித்தியாசத்தோட வந்த காசு தேடுறவங்களுக்கு பெரிய படங்கள்தான் உயிர். 1995 டபுள் டை பென்னி (அச்சுலயே எழுத்து ரெட்டையா விழுந்தது), பென்னில AMERICAங்கற சொல்லுல A, M எழுத்து ஒட்டி இருக்கற 1992 குளோஸ் ஏஎம், அது தள்ளி இருக்கற 1998ல இருந்து 2000 வரைக்கும் வந்த வைட் ஏஎம், 2004ல டென்வர் மின்ட் அடிச்ச விஸ்கான்சின் மாநில குவாட்டர்ல சோளத்துல கூடுதலா ஒரு இலைன்னு எல்லாத்தையும் பெருசாக்கி உங்க காசோட ஒப்பிட்டுப் பாக்கலாம். எழுத்து ரெட்டையா தெரிஞ்சாலே டபுள் டைனு ஆன்லைன்ல விக்கிறாங்க, அதுல பெரும்பாலானது மெஷின் டபுளிங், அதாவது அடிக்கும்போது அச்சு அசைஞ்சதால வந்தது, எழுத்து ஓரம் தட்டையா அமுங்கின மாதிரி இருக்கும், அதுக்கு கூடுதல் விலையே கெடையாது. ஒரு உண்மையான படத்தோட வச்சுப் பாத்தா இதுல ஏமாற மாட்டீங்க.

குறைன்னா, அந்த விலைப் பட்டியல் பிசிஜிஎஸ் கிரேடு போட்டு டப்பாவுல அடைச்ச காச கடையில விக்கிற விலை. உங்க மேஜை மேல சும்மா கெடக்கற காசுக்கு டீலர் அத தரமாட்டார். கிரேடிங் ஃபீஸ், அனுப்புற செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்தா பெரும்பாலான புது காசுக்கு நஷ்டம்தான், அதனால பட்டியல் விலைய விட்டுட்டு கீழ இருக்கற ஏல விலையப் பாருங்க. ஒரு கிரேடு எத்தன காசுக்கு கெடச்சிருக்குங்கற எண்ணிக்கையையும் அப்படியே நம்பிடக் கூடாது, உயர்ந்த கிரேடு கெடைக்கும்னு ஒரே காசை டப்பாவ உடைச்சு திரும்பத் திரும்ப அனுப்புறவங்க இருக்காங்க, அதுவும் புதுசா ஒண்ணுன்னு எண்ணப்பட்டுடும்.

கிரேடு பழகறதுக்கு ஒவ்வொரு கிரேடுக்கும் படம் காட்டுற இவங்களோட ஃபோட்டோகிரேடும் ஃப்ரீதான், ரெண்டையும் சேத்து வச்சுக்கோங்க. சின்ன தராசு ஒண்ணும் வாங்கிடுங்க, 1982 பென்னி ரெண்டு உலோகத்துலயும் வந்துச்சு, செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம், அத எந்த ஆப்பும் போட்டோவப் பாத்து சொல்லாது. சில்லறையில மொதல்ல தேட வேண்டியது என்னன்னு கேட்டா, 2019, 2020ல வெஸ்ட் பாயின்ட் மின்ட்ல அடிச்சு புழக்கத்துல விட்ட, W எழுத்து போட்ட குவாட்டர்னு சொல்வேன், 2019ல ஒவ்வொரு டிசைனும் 20 லட்சம்தான், புழங்கினதுக்கே முகமதிப்ப விட நல்ல விலை இருக்கு. எனக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.