3,200 ரூபாய் மைக்ரோஸ்கோப், பதினோரு மாதம், பாம்பன் உப்புக்காற்று

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. இது பள்ளி மாணவர்களுக்கான சாதாரண மைக்ரோஸ்கோப். கம்பெனி பெயர் கிடையாது. அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ‘அம்பாலா’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. ஆய்வகச் சாமான்களுக்குப் பேர்போன ஹரியானா ஊர் அது. மதுரையில் பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் போடும் ஒரு கடையில் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. கடைப் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

பெட்டிக்குள் இருந்தவை: 10 மடங்கு, 15 மடங்கு என இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்ஸ்), 10, 45 என இரண்டு கீழ் லென்ஸ், பொருளை வைக்க ஐம்பது ஸ்லைடு, அதை மூட ஒரு டப்பி கவர் ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு). ஆகக் குறைந்தது 100 மடங்கு, நன்றாகத் தெரிகிற அளவுக்கு 450 மடங்கு. 15 ஐபீஸைப் போட்டால் 675 வரை போகும். ஆனால் பெரிதாகத் தெரியுமே தவிர தெளிவாகத் தெரியாது. அதை நான் தொடுவதே இல்லை. பல்பு இல்லை, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடிதான். பாம்பனில் வெளிச்சத்துக்கா பஞ்சம்? சூரியனுக்கு நேராக மட்டும் கண்ணாடியைத் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும். வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பினால் போதும்.

முதல் குறை, லென்ஸை ஏற்றி இறக்கும் பெரிய திருகு. லென்ஸ் குழாய் தன் பாரத்திலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். 45 லென்ஸ் போட்டிருக்கும்போது இறங்கினால் கவர் ஸ்லிப் ‘நறுக்’. முதல் வாரத்தில் ஏழு போயிற்று. கடைக்காரருக்குப் போன் செய்தேன். “டைட் பண்ணிக்கங்கம்மா” என்றார். எங்கே டைட் பண்ணுவது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். கடைசியில் அப்பாதான் பார்த்தார். நடுக்கடலில் படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கைக்கு இது எம்மாத்திரம்? இரண்டு பக்கத் திருகையும் பிடித்து எதிரெதிராக ஒரு முறுக்கு, அவ்வளவுதான். இதே மாடல் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை துரு. ஸ்லைடைப் பிடிக்கும் கிளிப் இரண்டும் இரண்டே மாதத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. அடிப்பாகத்தில் பெயிண்ட் உரிந்தது. பெட்டிக்குள் ஈரம் இழுக்கட்டும் என்று அரிசி போட்டு வைத்தேன், வண்டு வந்தது. இப்போது செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுகிறேன். அப்பத்தா, நான் இல்லாத நேரத்தில் அடிப்பாகத்தில் ஒரு சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். தங்கச்சிமடம் வேர்க்காடு திருவிழாவில் வாங்கியது. அந்த ஸ்டிக்கர் இருக்கிற இடத்தில் மட்டும் இன்றுவரை துரு ஏறவில்லை. அப்பத்தா இதைப் புதுமை, அதாவது அற்புதம் என்கிறாள். நான் பசை என்கிறேன்.

சரி, நான் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். வயது 23, விலங்கியல் படித்தேன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. அம்மா பாசி எடுப்பவள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயிலில் ஆறாவது ஏழாவது பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கல்லூரியில் கூடப் படித்தவர்கள் “நீ எப்படி ரெண்டையும் நம்புற?” என்பார்கள். கோயிலில் சிலர் அதையே வேறு மாதிரிக் கேட்பார்கள். மைக்ரோஸ்கோப் வாங்கியது அதற்குப் பதில் தேடி அல்ல. கல்லூரி ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒன்று என்று எட்டிப் பார்த்தே மூன்று வருடம் ஓடியது, தனியாக ஒன்று வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

வெங்காயத் தோல், கொசு இறக்கை, மீன் செதில் எல்லாம் முதல் நாளே முடிந்தது. நன்றாகத் தெரிகின்றன, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் தீவுப் பக்கம் போவாள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பது அவள் வேலை. ஒருநாள் அவள் சாக்கிலிருந்து ஒரு கிளையை எடுத்து, பிளேடால் கண்ணாடி போல் மெல்லிசாக நறுக்கி வைத்துக் கூப்பிட்டேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து குனிந்தாள். முதலில் தன் கண் இமையைத்தான் பார்த்தாள், எல்லோரும் அப்படித்தான். அப்புறம் பேச்சு நின்றது. பதினெட்டு வயதிலிருந்து பறிக்கிறாள், உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும் என்று தெரியாது. “இதையா நான் சாக்குல போட்டு மிதிச்சேன்?” என்றாள்.

அவளுக்கு அப்போது இன்னொன்றும் சொன்னேன். இந்தப் பாசி மதுரைப் பக்கம் அகர் ஆலைகளுக்குப் போகிறது. அகர் என்பது பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லிப் பொருள். அகரைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, அதன் மேல்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிறார்கள். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. வழி சொன்னவர் அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. ஜெல்லி செய்ய வீட்டில் வைத்திருந்த அகர் வெயிலிலும் உருகாமல் நிற்பதைக் கவனித்தவர். கீழக்கரையில் நோன்புக்குக் கடல்பாசி செய்பவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது. அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, “கிலோவுக்கு கூடக் குடுப்பானா?” என்றாள். நியாயமான கேள்வி.

இனி பூங்கோரை.

தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, சில வருடங்களில் புரட்டாசி ஐப்பசியில் பச்சையாக மாறும். எங்கள் ஆட்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். 2019 செப்டம்பரில் பெரிதாக வந்தது, பாறை மீன்கள் செத்துக் கரையில் கிடந்தன. நான் அப்போது பன்னிரண்டாவது. அப்பத்தா பைபிளில் யாத்திராகமத்தை எடுத்து வைத்து, நைல் நதி இரத்தமாகி மீன் செத்த பகுதியை வாசிக்கச் சொன்னாள். ஊர் செய்த பாவம், தண்டனை என்றாள். நானும் பயந்து ஜெபமாலை சொன்னேன்.

போன புரட்டாசியில் குந்துகால் பக்கம் கொஞ்சமாகப் பச்சையடித்தது. அப்பாவிடம் ஒரு தண்ணீர் பாட்டிலில் மொண்டு வரச் சொன்னேன். வெறும் கண்ணுக்கே தெரிகிறது, ஜவ்வரிசியின் குட்டி போலப் பச்சைப் புள்ளிகள். 100 மடங்கில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குமிழ். ஒரு பக்கம் உள்வாங்கிய பள்ளம், அங்கிருந்து ஒரு தும்பிக்கை மெதுவாக மடங்கி நிமிர்கிறது. பெயர் நாக்டிலூகா, இரவில் ஒளிர்வது என்று பொருள். மொத்த உடம்பும் ஒரே செல். இதில் பச்சையே கிடையாது. பச்சை அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் வேறொரு பாசியினுடையது.

அந்தக் குடித்தனக்காரர்களைப் பார்க்கத்தான் 45 லென்ஸைப் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன திருகு கொஞ்சம் இறங்கியது. கவர் ஸ்லிப் அழுந்தி ஒரு குமிழ் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து பச்சைப் பொடி கொட்டியது போல வெளியே வந்தது. அதில் ஒவ்வொரு பொடியும் தானாக நீந்தியது. ஒன்று திரும்பி, மோதி, வேறு பக்கம் போயிற்று. எத்தனை நூறோ தெரியாது, எண்ணவில்லை. அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். என்னைப் பொறுத்தவரை 3,200 ரூபாயும் அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா கூடுகிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. இதைத்தான் அப்பத்தாவிடம் சொன்னேன். கூடவே கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, “பூங்கோரைன்னு பேர் வச்சு, மாசம் வேற சொல்றீங்க. கடவுள் கோவத்துக்கு யாராவது சீசன் சொல்லுவாங்களா அப்பத்தா?” என்றேன். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தையும் எடுத்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசுவே சொல்கிறார். அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் கோயிலில் கேட்டதை மறக்காதவள். “அடுத்த வரியையும் வாசி” என்றாள். மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். புயல் அடித்த 1964 டிசம்பர் 22 ராத்திரி அவளுக்கு ஒன்பது வயது. தம்பி கை நழுவிப் போனான். இன்றைக்கும் அந்த இடிந்த கோயில் சுவர் பக்கம் போனால் இறங்க மாட்டாள், வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். அன்று பேச்சு முடிந்து, விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டேன், “அந்தப் புயலும் தண்டனையா அப்பத்தா?” ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. “அவன் பச்சப்புள்ள.” அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூங்கோரை பற்றி அதற்கப்புறம் அவளோடு வாதாடவும் இல்லை.

இதற்கு நேர் எதிராக என் சித்தப்பா மகன். வேறு சபைக்குப் போகிறவன், பாசமான பையன். அம்மாவின் பாசி ஸ்லைடை வீடியோ எடுத்து, ‘இத்தனை நுணுக்கம் தானாக வருமா, இதுதான் கடவுளுக்கு ஆதாரம்’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். ஐபீஸில் போனை வைத்தால் வீடியோ நன்றாகத்தான் வருகிறது, கை ஆடாமல் இருந்தால். அவன் எழுதியதுதான் எனக்கு ஒட்டவில்லை. மரிக்கொழுந்தின் கட்டம் கடவுளுக்கு ஆதாரம் என்றால், மீனை மூச்சுத் திணற வைத்த குமிழும் அதே அழகோடுதான் இருக்கிறது. அது எதற்கு ஆதாரம்? ஒன்றை மட்டும் வீடியோ எடுத்தால் கணக்கு சரியாகுமா? உயிர்கள் கோடிக்கணக்கான வருடங்களில் மாறி மாறி வந்தன என்பதை நான் ஏற்கிறேன். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்துக்கும் மேலானது என்று எழுதிய சபை எங்களுடையது. அப்பா போன படகு விடிந்தும் வராத நாளில் நான் முட்டி போடுவது எந்த ஸ்லைடையும் பார்த்துவிட்டு அல்ல. வாடைக்காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் முட்டி போடுகிறேன்.

மறைக்கல்வி வகுப்புக்கு மைக்ரோஸ்கோப்பை ஒருநாள் எடுத்துப் போனேன். ஃபாதரிடம் முன்பே கேட்டுவிட்டேன், “உடைச்சுருவானுங்க” என்பது மட்டும்தான் அவர் கவலை. கடல்தண்ணீர்த் துளியை வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவன், “அக்கா, இது எத்தனையாவது நாள் படைச்சது?” என்றான். கடலில் திரிவது என்பதால் ஐந்தாவது நாள் என்று இன்னொருத்தி தீர்ப்பு சொன்னாள். பைபிளில் உலகைப் படைத்ததாகச் சொல்லும் ஆறு நாள் என்பது கடிகாரக் கணக்கு இல்லை என்று நான் ஆரம்பித்தது யார் காதிலும் விழவில்லை.

ஏழாவது படிக்கிற வால் ஒன்று, “கலிலியோவ நம்மாளுகதானே அடைச்சு வச்சாங்க?” என்றது. ஆமாம் என்றேன். 1633இல் தீர்ப்பு, சாகும்வரை வீட்டுக்காவல். நடந்தது தப்பு என்று போப் வெளிப்படையாகச் சொன்னது 1992இல்தான். கலிலியோ தொலைநோக்கியோடு நிற்கவில்லை, 1624இல் ஒரு மைக்ரோஸ்கோப் செய்து நண்பருக்கு அனுப்பினார், மறு வருடம்தான் அந்தக் கருவிக்கு மைக்ரோஸ்கோப் என்ற பெயரே வந்தது என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது அவர் கதை இல்லை, ஸ்டெனோ கதை. 1666இல் இத்தாலியில் லிவோர்னோ பக்கம் மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடிக்கிறார்கள். தலை மட்டும் ஃப்ளாரன்ஸுக்கு, நீல்ஸ் ஸ்டெனோ என்ற டேனிஷ் மருத்துவரிடம் போகிறது. மலைப் பாறைகளில் கிடைக்கும் ‘நாக்குக் கல்’ என்பது சுறாப் பல்தான் என்று அவர் கண்டுகொள்கிறார். பூமி அடுக்கடுக்காகப் படிந்தது என்ற படிப்புக்கு அது ஒரு தொடக்கம். அவரே பிறகு குருவாகி, ஆயராகி, 1988இல் அருளாளரும் (புனிதருக்கு முந்தைய படி) ஆனார். “சுறாவைப் புடிச்சவங்க பேரு என்னக்கா?” என்று கேட்டான் அந்த வால். நல்ல கேள்வி கேட்டான் என்று ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

எதுவும் உடையவில்லை. திரும்பி வரும்போது பேருந்துப் படியில் நான்தான் ஐபீஸைத் தவறவிட்டேன், 15 ஐபீஸ்தான். நஷ்டமில்லை.

வாங்கலாமா? வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடற்கரையில் இருப்பவர்கள் கிளிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், லென்ஸில் மட்டும் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள், எனக்குத் தரவில்லை. குழி விழுந்த ஸ்லைடு நாலைந்து சேர்த்து வாங்கினால் நாக்டிலூகாவை உடைக்காமல் பார்க்கலாம். 4 மடங்கு லென்ஸ் இந்தப் பெட்டியில் இல்லாதது பெரிய குறை, கடல்தண்ணீர் பார்க்க அதுதான் தேவை. ராம்நாட்டில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை. தனியாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புரட்டாசிக்குள் வேண்டும்.