மதர்போர்டு: பெட்டியில் உள்ள பெயரும் ஐந்து ஆண்டு ஓட்டமும்

எந்த பிராண்டு மதர்போர்டு நல்லது, எது மோசம் என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரை நம்பி வாங்கக் கூடாது. எம்எஸ்ஐ-யையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த பி450 டோமஹாக், நடுத்தர விலையில் ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு கோர் ரைசன் ப்ராசசரை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டியது. அடுத்த ஆண்டே அதைவிட விலை கூடிய எக்ஸ்570 கேமிங் எட்ஜை அதே நிறுவனம்தான் கொண்டுவந்தது. பன்னிரண்டு கோர் சிப்பை மாட்டியதும் அதன் மின்பகுதி (ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் இடம்), அதே விலையில் கிடைத்த ஆசுஸ் டஃப் எக்ஸ்570-பிளஸ், ஜிகாபைட் ஆரஸ் எலைட் இரண்டையும்விடக் கூடுதலாகச் சூடேறியது. 2020-இல் எக்ஸ்570 டோமஹாக் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. ஒரே பெயருக்குள் முதல் இடமும் கடைசி இடமும் இருக்கின்றன.

பெரிய பிராண்டுகள் நான்குதான்: ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஆஸ்ராக். நான்குமே தைவான் நிறுவனங்கள். ஆஸ்ராக் 2002-இல் ஆசுஸிலிருந்து கிளைத்தது. இன்டெல் 2013-இல் டெஸ்க்டாப் போர்டு தயாரிப்பிலிருந்து விலகிவிட்டது. அதனால் இன்று புத்தம் புதிய போர்டில் "இன்டெல் ஒரிஜினல்" என்று ஒட்டியிருந்தால், அங்கே இன்டெல்லுடையது சிப்செட் (ப்ராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) மட்டும்தான்.

ஐந்து ஆண்டு கழித்து ஒரு போர்டு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது, முன்பு மின்பகுதி என்று சொன்ன விஆர்எம். எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி ப்ராசசருக்குக் கொடுக்கும் பகுதி அது. சாக்கெட்டின் இடப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் சோக் காயில்கள் வரிசையாக நிற்குமே, அந்த இடம். எச்610, ஏ520 போன்ற அடிமட்டப் போர்டுகள் பலவற்றில் அங்கே ஹீட் சிங்க் இருக்காது. ஐ3-12100-ம் ஐ5-12400-ம் அதில் நன்றாகவே ஓடும். 12400 உச்சத்தில் இழுப்பது 117 வாட். அதே போர்டில் ஐ7-13700 மாட்டினால் அது 219 வாட் கேட்கும். போர்டு எரிந்துவிடாது, வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஐ7-க்குக் காசு கொடுத்தவர் ஐ5-இன் வேகத்தைத்தான் பெறுவார். சோதிப்பது எளிது. ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை நிரலை பத்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்து வைத்து விஆர்எம் வெப்பத்தையும் கடிகார வேகத்தையும் கவனியுங்கள். ப்ராசசர் 70 டிகிரியிலேயே இருக்க, மூன்றாவது நான்காவது நிமிடத்தில் வேகம் மட்டும் சரிந்தால் குற்றவாளி போர்டுதான்.

வெப்பம் வேகத்தோடு ஆயுளையும் தின்னும். நல்ல போர்டுகளில் இருக்கும் திட பாலிமர் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 105 டிகிரியில் 5000 மணி நேரம் என்ற தரத்தில் வருபவை. 20 டிகிரி குறைந்தால் அந்த ஆயுள் பத்து மடங்காகும். 85 டிகிரியில் 50,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஓட்டினாலும் ஐந்தரை ஆண்டுக்கு மேல். 95 டிகிரியில் அது 16,000 மணிக்குள் சுருங்கிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் சித்திரை வெயிலில் இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் தானாகவே வந்துவிடும். இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. ப்ராசசரோடு வரும் சாதாரண கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்-க்கும் காற்று கிடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு லிக்விட் கூலர் போட்டால் ப்ராசசர் குளிரும், விஆர்எம் காற்றில்லாமல் தவிக்கும். ஹீட் சிங்க் இல்லாத போர்டுக்கு லிக்விட் கூலர் வேண்டவே வேண்டாம்.

நான்கு பிராண்டுகளில் நீண்ட காலப் பயன்பாட்டுக்கு, பி650, பி760 என்ற நடுத்தர சிப்செட் வகுப்பில் முதலில் பார்க்க வேண்டியது எம்எஸ்ஐ என்பது என் முடிவு. பெரும்பாலான மாடல்களில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் என்ற நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. திரை வராதபோது எது எரிந்து நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சாக்கெட்) போர்டை முதன்முறை இயக்கும்போது டிராம் விளக்கு பல நிமிடம் எரியும். டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. போர்டு செத்துவிட்டது என்று பயந்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், பத்து நிமிடமாவது பொறுங்கள்.

ஆசுஸின் பலம் பயாஸ், அதாவது கணினியை எழுப்பி போர்டின் அமைப்புகளைக் கையாளும் உள் மென்பொருள். ஃபேன் வேகத்தை வளைகோடாகவே வரைந்து வைக்கும் வசதி தெளிவாக இருக்கும். ஆனால் அதே அளவு விஆர்எம்-க்குக் கூடுதல் விலை. 2021 இறுதியில் அதன் விலையுயர்ந்த மேக்சிமஸ் இசட்690 ஹீரோவில் ஒரு கெபாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டு, ரேம் பக்கத்து மாஸ்ஃபெட்கள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சிப்புகள்) எரிந்தன. நிறுவனமே தவறை ஒப்புக்கொண்டு போர்டுகளை மாற்றிக் கொடுத்தது. விலை கூடியது என்பதற்காகப் பிழை வராமல் இருக்காது.

ஜிகாபைட் வாங்குவோர் போர்டின் இடப்புறக் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். ரிவிஷன் 1.0, 1.1 என்று அச்சிட்டிருக்கும். மாடல் பெயர் மாறாமலே உள்ளே பாகங்கள் மாறும். இணையத்தில் நாம் பார்த்துவிட்டு வந்த சோதனை வேறு ரிவிஷனுடையதாக இருக்கலாம். பயாஸ் கோப்பையும் அதே ரிவிஷன் எண்ணுக்கு உரியதாகப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். 2023-இல் இந்நிறுவனப் போர்டுகளின் ஃபர்ம்வேர் தானாகவே ஒரு மென்பொருளைப் பாதுகாப்பற்ற முறையில் இறக்குவதை எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் பயாஸில் ஆப் சென்டர் தரவிறக்கத்தை அணைத்து வைப்பது நல்லது.

ஆஸ்ராக், கொடுக்கும் காசுக்கு எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்களும் யுஎஸ்பி போர்ட்டுகளும் அதிகம் தரும். அடிமட்ட எச்டிவி வரிசையில் மின்பகுதி மெலிந்திருக்கும், பி560எம்-எச்டிவி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025-இல் ரைசன் 9800எக்ஸ்3டி சிப்புகள் செயலிழப்பதாக வந்த புகார்களில் பெரும்பங்கு ஆஸ்ராக் போர்டுகளைப் பற்றியது. அதை வைத்திருப்போர் பயாஸைப் பழைய பதிப்பில் விட்டுவைக்கவே கூடாது.

பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்கு பயாஸ் அப்டேட் தேவையில்லை என்று முன்பு சொல்வார்கள். இன்று அது தவறான அறிவுரை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிப்புகள் அதிக வோல்ட்டேஜால் மெல்லச் சிதைந்ததற்கான மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்தன. பயாஸ் வழியாக அவற்றை ஏற்றாத போர்டு இன்றும் சிப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். ஏற்றிய பிறகு பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். கூலர் வகையைக் கேட்கும் திரையில் வாட்டர் கூலர் என்று அழுத்தினால் சில போர்டுகள் மின் வரம்பை 4096 வாட் என்று வைக்கும். வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள். ஏஎம்5 பக்கத்தில், 2023 ஏப்ரலில் எக்ஸ்3டி சிப்புகள் கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்ட்டேஜுக்கு (சிப்புக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட் உச்சமாக வைக்கப்பட்டது. பழைய பயாஸோடு, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்குவது ஆபத்து.

ப்ராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். கோப்பின் பெயரில்தான் பலரும் தவறுகிறார்கள். எம்எஸ்ஐ-யில் பிராண்டின் மூன்றெழுத்துடன் ராம் என்ற நீட்சி (MSI.ROM), ஜிகாபைட்டில் பிராண்டின் முழுப்பெயருடன் பின் என்ற நீட்சி (GIGABYTE.bin), ஆஸ்ராக்கில் கிரியேட்டிவ் என்ற பெயருடன் ராம் (CREATIVE.ROM). ஆசுஸில் ஜிப்புக்குள் இருக்கும் ரீநேமர் நிரலே பெயரை மாற்றித் தரும். 24 பின், 8 பின் கேபிள் இரண்டையும் செருகி, உரிய போர்ட்டில் பென் டிரைவை வைத்துப் பொத்தானை அழுத்தி, விளக்கு மினுக்குவது நிற்கும்வரை தொடாமல் இருங்கள்.

மோசமானவற்றில் மோசமானது, பெயர் கேள்விப்படாத பெட்டியில் "புதியது" என்று விற்கும் எச்61, எச்81 போர்டு. பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்செட்டைப் புதுப் பலகையில் பற்றவைத்தவை இவற்றில் ஏராளம். எச்61-இல் ஹார்டு டிஸ்க் இணையும் சாட்டா போர்ட்டின் வேகம் 3 ஜிகாபிட்தான், சொந்த யுஎஸ்பி 3 கிடையாது. ஃபேன் கட்டுப்பாடு ஒழுங்காக இருக்காது, ஸ்லீப்பிலிருந்து எழாது, பயாஸ் கோப்பைத் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்தப் போர்டுகள் ஏற்கும் ப்ராசசர் எதையும் விண்டோஸ் 11 முறையாக ஏற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் இதற்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பில்லோடு ஒரு எச்610 வாங்குவதே புத்திசாலித்தனம்.

போர்டு மேல் பழி விழும் சில குறைகள் போர்டுடையவை அல்ல. இன்டெல் ஐ225-வி நெட்வொர்க் சிப்பின் தொடக்கப் பதிப்புகள் 2.5 ஜிகாபிட்டில் இணைப்பைத் துண்டிக்கும், எந்த பிராண்டு போர்டில் இருந்தாலும். டிவைஸ் மேனேஜரில் வேகத்தை 1 ஜிகாபிட் என்று வைத்தால் அந்தத் துண்டிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். தேதி மாறி மாறிக் காட்டினால் சிஆர்2032 செல்லை மாற்றினால் போதும். கடலோர ஊர்களில் ரேம் கால்கள் நிறம் மங்கி டிஸ்ப்ளே வராமல் போகும், ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டுச் செருகலாம். இடி மழையில் எரியும் லேன் போர்ட்டுக்கு எந்த வாரண்டியும் உதவாது. மழை இருட்டும்போது மின் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

வாங்கிய நாளிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பில்லைப் படமெடுத்து வைத்துவிட்டு, சாக்கெட்டின் மேலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்துங்கள். அந்த மூடி இல்லாவிட்டால் போர்டை வாங்க சர்வீஸ் சென்டர் மறுக்கலாம். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது என்பதால், கொடுக்கும் முன் கவுண்ட்டரிலேயே சாக்கெட்டைத் திறந்து, நேராக இருக்கும் பின்களைப் படமெடுத்துக்கொண்டு பிறகு மூடிக் கொடுங்கள்.