கோத்தகிரி, குன்னூர் பக்கம் காருக்குள் தண்ணீர் வந்தால், கண்ணாடிக்கு சிலிக்கான் அடிக்கக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மழைக்காலத்தில் காருக்குள் தண்ணீர் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறீர்கள். கார்பெட்டைக் கூடத் தூக்கிப் பார்க்காமல் ஒருவர் 'பீடிங் (கதவோர ரப்பர்) போச்சு சார்' என்றோ 'கண்ணாடி லீக் சார்' என்றோ சொன்னால் தயவு செய்து சாவியைக் கொடுக்காதீர்கள். நான் ஒரே இடத்தில் மூன்று தடவை கொடுத்தேன். 17,450 ரூபாய் போனது, இரண்டு மாதம் போனது, அம்மாவின் கால் ஈரம் மட்டும் போகவில்லை. ஒர்க்‌ஷாப் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததை முழுவதும் சொல்கிறேன், ஏனென்றால் இதே பில் இன்னும் பலர் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது 2016 மாடல் ஹேட்ச்பேக். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி சரிவில் வீடு, ஷெட் கிடையாது. வாசலில் ஒரு பெரிய சீகை மரம், அதன் அடியில்தான் வண்டி நிற்கும், தரை சரிவாக இருப்பதால் இடது பக்கச் சக்கரங்கள் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி, மாதம் இரண்டு தடவை கோவைக்கு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அம்மா முன் சீட்டில்தான் உட்காருவார். அக்டோபர் நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது "கண்ணு, சாக்ஸ் நனைஞ்சு போச்சு, கால் விறைக்குது" என்றார். ஏறும்போது செருப்பில் ஒட்டி வந்த தண்ணீராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மேட்டை எடுத்துவிட்டுக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் பொங்கி வந்தது.

முதல் தடவை போனபோது சர்வீஸ் அட்வைசர் கதவைத் திறந்தார், ரப்பரைத் தடவினார், பீடிங் என்றார். இடது முன் கதவுக்குப் புது பீடிங், லேபர் எல்லாம் சேர்த்து 3,150. அடுத்த மழையில் மறுபடியும் ஈரம்.

இரண்டாவது தடவை முன் கண்ணாடி என்றார்கள். கண்ணாடியை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போட்டு மாட்ட வேண்டும், ஒரு நாள் வண்டியை விடுங்கள் என்றார்கள். 7,800. வண்டியை எடுக்கப் போனபோது என்னை அருகில் நிற்க வைத்து வாட்டர் வாஷ் கன்னால் கண்ணாடி மேல் இரண்டு நிமிடம் அடித்துக் காட்டினார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நானும் நம்பி வந்தேன். அந்த வாரமே கோத்தகிரியில் ராத்திரி முழுக்க மழை, காலையில் பார்த்தால் முன்பை விட அதிகம்.

மூன்றாவது தடவை தரையில் துரு, அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் தீர்ந்துவிடும் என்றார்கள். 6,500. இதற்குள் வண்டிக்குள் பூஞ்சை வாடை வர ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்குத் தும்மல், கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து காலையில் பதினைந்து நிமிடம் துடைத்தால்தான் வண்டியை எடுக்க முடியும். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாமல் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. மறுபடி அதே இடம், ஏர்பேக் கம்ப்யூட்டர் போய்விட்டது, 24,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூன்று தடவையில் ஒருவர் கூட அந்தக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பக்கத்து எஸ்டேட்டில் டிரைவராக இருக்கும் அண்ணன் ஒருவர், டிங்கரிங் வேலை செய்யும் ஒரு வயதான பாயிடம் அழைத்துப் போனார். சின்ன பட்டறை, போர்டு கூடக் கிடையாது. பாய் என்னிடம் முதலில் கேட்டது கேள்விகள்தான். தண்ணீர் மழை பெய்தால் மட்டும் வருகிறதா, வெயில் நாளில் ஏசி போட்டாலும் வருகிறதா? தொட்டால் பிசுபிசுவென்று இருக்கிறதா, இனிப்பு வாடை வருகிறதா? ஓட்டும்போது வருகிறதா, நிறுத்தி வைத்தாலும் வருகிறதா? "வீட்டுல வண்டி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கும் தம்பி?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது. ஏசி ஓடும்போது உள்ளே படியும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும், அந்தக் குழாய் அடைத்தால் சுத்தமான தண்ணீர் முன் சீட்டுக் காலடியில் தேங்கும். அது மழைக்குச் சம்பந்தமில்லாதது, ஊட்டி, கோத்தகிரியில் ஏசி போடாதவர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டிய பிறகுதான் தெரியும். ஹீட்டருக்குள் போகும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) கசிந்தால் பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், பிசுபிசுப்பு இருக்கும், இனிப்பு வாடை அடிக்கும், முன் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படலம் நிற்கும். அதை விட்டுவிட்டால் இன்ஜின் சூடேறிவிடும், உடனே பார்க்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் இல்லை, மழை பெய்தால் மட்டும், நின்றுகொண்டிருந்தாலும் வருகிறது. இவ்வளவையும் அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பிரித்துவிட்டார்.

அப்புறம் இன்னொன்று கேட்டார். "வளைவுல திரும்பும்போது டேஷ்போர்டுக்குள்ள தண்ணி குலுங்குற சத்தம் கேக்குதா?" எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கேட்டது. இரண்டு மாதமாக ஒவ்வொரு வளைவிலும் ஒரு 'களக்' சத்தம். ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது சஸ்பென்ஷன் புஷ் என்று சொல்லியிருந்தார்கள்.

வைப்பருக்குக் கீழே, பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் கிரில் இருக்கிறது இல்லையா, அதற்கு அடியில் வண்டியின் அகலத்துக்கு ஒரு தொட்டி மாதிரி தகரம் இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் அத்தனையும் அதில் விழுந்து ஓரங்களில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். வண்டிக்குள் வரும் காற்றுக்கான வாயும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. எங்கள் வண்டியில் அது இடது பக்கம், அம்மாவின் காலுக்கு நேர் மேலே. வடிகால் அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறி அந்த வாய் வழியாக, உள்ளே காற்றைத் தள்ளும் ப்ளோயருக்குள் இறங்கி, அங்கிருந்து கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சுக்குப் போகும். மேலே கார்பெட் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பஞ்சு லிட்டர் கணக்கில் குடித்துவைத்திருக்கும்.

பாய் வைப்பரைக் கழற்றி அந்தக் கிரிலைத் தூக்கினார். உள்ளே கறுப்புச் சேறு. சீகை இலை எவ்வளவு பொடிசு என்று தெரியும்தானே, கிரில் சல்லடையில் நிற்காமல் உள்ளே விழுந்து மக்கி, இடது ஓரத்தில் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளினார், அரை வாளி வந்தது. கம்பியை விட்டு ஓட்டையைத் திறந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் மட்கார்டு பக்கமாகக் கடகடவென்று இறங்கியதை நான் நின்று பார்த்தேன். சீகை மட்டும் இல்லை, சைப்ரஸ், சில்வர் ஓக், கற்பூர மரம் எதன் அடியில் நிறுத்தினாலும் இந்தக் கதைதான். ஒர்க்‌ஷாப் இருப்பது சமதரை, என் வாசல் இடது பக்கம் சாய்ந்த சரிவு. தண்ணீர் மொத்தமும் அடைத்த மூலைக்கே ஓடி நிற்கிறது. அதனால்தான் அவர்கள் கன்னால் இரண்டு நிமிடம் அடித்தபோது ஒன்றும் வரவில்லை, ஆறு மணி நேர மழையில் மட்டும் வந்தது.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கிரிலைத் தூக்கிய இடத்தில் கண்ணாடியின் கீழ் விளிம்பு முழுதாகத் தெரிந்தது. பாய் டார்ச் அடித்துக் காட்டினார். கம்பெனியில் போட்ட பசை ஒரு இடத்தில் கூட அறுபடாமல் இருந்தது, அதன் மேல் வருஷக் கணக்கான தூசி. மேலேயும் பக்கவாட்டிலும் மட்டும் வெளிப்பக்கமாக ஒரு கோடு சிலிக்கான் இழுத்திருக்கிறார்கள், நகத்தால் கிள்ளினால் நாடா மாதிரி உரிந்து வந்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றால் எங்கள் வண்டியில் வைப்பரையும் அந்தக் கிரிலையும் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியிருந்தால் அரை வாளிச் சேறு கண்ணில் பட்டிருக்கும். பில்லில் 'முன் கண்ணாடி கழற்றி மாட்டியது' என்று எழுதி 7,800 வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை நடக்கவே இல்லை.

அந்த சிலிக்கானால் இன்னொரு கெடுதலும் உண்டு. வினிகர் வாடை வரும் சிலிக்கான் தகரத்தில் பட்டால் துருப் பிடிக்க வைக்கும். நாளைக்கு நிஜமாகவே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பிசுக்கின் மேல் புதுப் பசை சரியாக ஒட்டாது. முழுக்கச் சுரண்டித் துடைக்கப் பாய்க்கு ஒரு மதியம் ஆனது.

வடிகாலைத் திறந்ததோடு அவர் நிறுத்தவில்லை. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, உள்ளே துணியால் துடைத்துக் காயவிட்டு, தகரத்தில் டால்கம் பவுடர் தூவி, மேலே நியூஸ்பேப்பர் விரித்தார். என்னை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்தார். வெளியே சாதாரணக் குழாய், கன் கிடையாது, மெதுவாக. முதலில் கதவின் கீழ்ப் பகுதி ஐந்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் மேலே, அப்புறம் தொட்டி, அப்புறம் கண்ணாடி, கடைசியாகக் கூரை. கீழேயிருந்து மேலே போனால்தான் எந்த உயரத்தில் உள்ளே வருகிறது என்று தெரியும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. தொட்டியில் ஊற்றும்போது பவுடரில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. ப்ளோயர் பக்கம் இல்லை, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி. இரண்டாவது கசிவு.

அது ஃபாக் லைட் ஒயர். போன வருஷம் கீழே ஒரு ஆக்சஸரீஸ் கடையில் மாட்டினது. இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் ஒயர் போகும் ரப்பர் புஷ்ஷை பிளேடால் கிழித்து ஒயரைச் செருகிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து தண்ணீர் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது. மலையில் ஃபாக் லைட் மாட்டாத வண்டி குறைவு, ஆகவே எல்லோரும் ஒரு தடவை இதைப் பாருங்கள். புது புஷ் போட்டு, ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

அண்டர்பாடி கோட்டிங்கையும் சொல்லிவிடுகிறேன். கதவுக்குக் கீழே இருக்கும் சேனலில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அதன் மேலேயே அடித்து அடைத்திருந்தார்கள். அடைத்தவற்றைப் பாய் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார், ஒன்றிலிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் சேனல் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும்.

ஏர்பேக் விளக்குக்கு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போகச் சொன்னார். சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டர் ஈரத்தில் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, சுத்தம் செய்து, விளக்கை அழித்துக் கொடுத்தார். அந்த மஞ்சள் கனெக்டரில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், தெரிந்தவர்களிடம் விடுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு 1,400, பாய்க்கு எல்லா வேலைக்கும் சேர்த்து 2,200. நான் இன்னும் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை.

கார்பெட் காய்வதுதான் பெரும்பாடு. வீட்டில் பத்து நாள் விரித்து வைத்தும் பஞ்சு ஈரம் போகவில்லை, டிசம்பரில் இங்கே துணியே காயாது. கடைசியில் மாமா வீட்டு மொட்டை மாடிக்கு, மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன், இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தது. ஈரத்தோடு திருப்பிப் போட்டிருந்தால் அந்த வாடை போயிருக்காது.

அப்புறம் பில்களோடும், பாய் கிரிலைத் தூக்கும்போது எடுத்த வீடியோவோடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "நாங்க கழட்டித்தான் மாட்டினோம் சார், வீடியோல சரியா தெரியல" என்றார் அட்வைசர். வண்டி வெளியில்தான் நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை. முதலாளி போனை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லையும் ஜாப் கார்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

17,450-ம் வேண்டும் என்று கேட்கப் போவதில்லை. பீடிங் மாட்டினார்கள், அது வண்டியில் இருக்கிறது. செய்யாத கண்ணாடி வேலைக்கு வாங்கிய 7,800-ம், ஓட்டையை அடைத்த கோட்டிங்குக்கு வாங்கிய 6,500-ம் திரும்ப வர வேண்டும்.

கடந்த இரண்டு மாதத்தில் உங்கள் பில்லிலும் 'முன் கண்ணாடி கழற்றி மாட்டியது' என்று இருந்தால், வைப்பருக்குக் கீழே உள்ள அந்த பிளாஸ்டிக்கைத் தெரிந்த மெக்கானிக் யாரையாவது வைத்துத் தூக்கி, கண்ணாடியின் கீழ் விளிம்பைப் படம் எடுத்து வையுங்கள். பசை மேல் பழைய தூசி அப்படியே இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மனுவைச் சேர்ந்தே கொடுக்கலாம்.