மிதித்த பிரேக் மெல்ல இறங்கினால் அந்தக் காரை வாங்காதீர்கள்

சேலத்தில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2015 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 3,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிரேக்கில் இருந்த கோளாறைத் தெரிந்தே மறைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு ஒரு ஒர்க்‌ஷாப், கோளாறு எது என்றே பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றிப் பணம் கறந்தது. பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இந்தக் கோளாறு எந்நேரமும் தலைகாட்டாது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது, பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். காலை எடுத்து மறுபடி ஓங்கி மிதித்தால் கல் போல நிற்கும். அப்புறம் பல நாட்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் அதன் உண்மையான முகம் தெரிந்தது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை இறங்கியபோது பெடல் ஏறக்குறைய தரைவரை போய்விட்டது. கீழ் கியருக்கு மாற்றி, விட்டுவிட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து ஓரம் கட்டினேன். பின் சீட்டில் என் அம்மாவும் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட் தேய்ந்திருக்கிறது என்றார்கள். மாற்றினோம். பிறகு டிஸ்க். பிறகு பிரேக் ஆயில் ஓடும் லைனில் காற்று இருக்கிறது என்று, அதை வெளியேற்றும் பிளீடிங். கடைசியாக, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர். 18,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு மிதி பலமாக மிதிப்பார். “பாருங்கள் சார், நன்றாகத்தானே பிடிக்கிறது” என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். கோளாறைச் சொன்னவன் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அம்மாப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்தான் கண்டுபிடித்தார். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாகக் கொண்டுவரச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதமாக, ஒரே அழுத்தத்தில், விடாமல் அழுத்திப் பிடித்தார். அரை நிமிடத்துக்குள் பெடல் இறங்கியது. பிரேக் ஆயில் அளவு துளியும் குறையவில்லை, சக்கரங்களிலும் கசிவில்லை. வெளியே கசியாமல் பெடல் இறங்கினால், மிதிக்கும் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் பின்னால் நழுவுகிறது என்றார். கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் வாஷரின் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கி, கறுத்துக் கிடந்தது.

விட்டுவிட்டு வருவதன் காரணமும் அதுதான். ஓங்கி மிதித்தால் அழுத்தத்தில் ரப்பர் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் பிடிக்கும். மெதுவாக மிதித்தால் தேய்ந்த விளிம்பின் வழியே ஆயில் நழுவும். பலமாக ஒரு மிதி மிதித்துப் பார்ப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது. புது மாஸ்டர் சிலிண்டர், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்தே 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. பெடல் இறங்காமல் பஞ்சு போல் அமுங்கினால் அது வேறு விஷயம்: லைனில் காற்று, அல்லது ஈரம் ஏறிய பழைய ஆயில். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். மலைப்பாதையில் அந்தச் சூடு சாதாரணம்.

காருக்குள் கிடந்த பழைய இன்ஷூரன்ஸ் நகலில் முந்தைய உரிமையாளரின் எண் இருந்தது. பேசினேன். “பெடல் சில நேரம் இறங்குகிறது, சரிசெய்து விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தானே கொடுத்தேன்” என்றார். அதை எழுதியும் கொடுத்தார், நல்ல மனிதர். கன்சல்டிங்காரரோ, “உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்கிறார். உயிர் போகும் குறையைத் தெரிந்தே மூடி மறைக்க அந்தக் கையெழுத்து உரிமை கொடுத்துவிடுமா?

வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வண்டி சூடாகும் வரை ஓட்டவிட மாட்டேன் என்றால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கழற்றிய மாஸ்டர் சிலிண்டர், ஒர்க்‌ஷாப் பில்கள், பழைய உரிமையாளரின் கடிதம் மூன்றையும் சேர்த்து ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கன்சல்டிங்குக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது.