கோடைக் கையுறை குரோஷே கிட்: 100% காட்டன் என்று லேபிள், உள்ளே அக்ரிலிக்

வெயிலில் வண்டி ஓட்டவும், மணிக்கணக்கில் தட்டச்சு செய்யவும் போட்டுக்கொள்ள, விரல் மூடாத மெல்லிய கையுறை பின்னலாம் என்று ஆன்லைனில் ஒரு குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) கிட் வாங்கினேன். நூல், 2.5 மி.மீ. ஊசி, தரவிறக்கிக்கொள்ளும் பேட்டர்ன் (பின்னும் முறைக் குறிப்பு) எல்லாம் ஒரே கிட்டில். விற்பவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, பெயரும் அடிக்கடி மாறுகிறது. ஏமாற்று நடக்கும் விதம் தெரிந்தால் போதும்.

முதலில் நூல். "100% மெர்சரைஸ்டு காட்டன்" (பளபளப்பாகப் பதப்படுத்திய பருத்தி) என்று விளம்பரத்திலும் இருந்தது, கண்டின் லேபிளிலும் இருந்தது. ஆனால் நூலின் நீளம் இல்லை, சாய எண் இல்லை, துவைக்கும் முறைக்கான குறியீடும் இல்லை. நீளம் எழுதாததற்குக் காரணம் உண்டு. அக்ரிலிக் என்ற செயற்கை இழை பருத்தியைவிட எடை குறைந்தது. ஒரே தடிமனில் 50 கிராம் கண்டு அக்ரிலிக்காக இருந்தால் கூடுதல் நீளம் வரும். கையுறைக்கு ஏற்ற மெல்லிய பருத்தி நூலில் 50 கிராமுக்குச் சுமார் 150 முதல் 180 மீட்டர் வரை எதிர்பார்க்கலாம். எண்ணைப் போட்டால் விவரம் தெரிந்தவர் கேள்வி கேட்பார். அதனால் போடுவதில்லை.

தொட்டதுமே சந்தேகம் வந்தது. இழுத்தால் ரப்பர் போல நீண்டு திரும்பியது. பருத்தி நூல் அப்படிச் செய்யாது. மணிக்கட்டுப் பகுதியைப் பின்னி முடித்துப் போட்டுப் பார்த்தால், அந்த இடம் மட்டும் பிசுபிசுவென்று வியர்த்தது. அக்ரிலிக் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வது மிகக் குறைவு. வியர்வை தோலிலேயே நிற்கும். குளிர்காலக் குல்லாவுக்கு அது பரவாயில்லை. கோடைக் கையுறைக்கு அந்த நூலைக் கொடுப்பது வாங்குபவரைக் கிண்டல் செய்வதுதான்.

சின்ன நூல்துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எரித்துப் பார்த்தேன். (குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். சொட்டு கையில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.) பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். இதுவோ சுருங்கி, உருகி, மூக்கை அரிக்கும் நெடியோடு கறுப்பு உருண்டையாகக் கெட்டிப்பட்டது. நகத்தால் நசுக்க முடியவில்லை.

இதை எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: "நூல் மினுமினுக்கிறது பாருங்கள், அதுதான் மெர்சரைஸ்டு என்பதற்கு அடையாளம்." அக்ரிலிக்கும் மினுமினுக்கும். மெர்சரைஸ் செய்வது என்பது பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்துவது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-இல் கண்டறிந்து 1850-இல் காப்புரிமை பெற்ற முறை அது. நூலை இழுத்துப் பிடித்தபடி பதப்படுத்தினால் பளபளப்பு வரும் என்பது 1890 வாக்கில் ஹொரஸ் லோ வழியாக வந்தது. பளபளப்பு அந்த வேலையின் விளைவு; நூல் எதனால் ஆனது என்பதற்குச் சாட்சி ஆகாது.

அடுத்தது பேட்டர்ன். நூலைவிட இதில்தான் எனக்குக் கோபம். 'டிசி' (டபுள் குரோஷே) என்று மட்டும் இருந்தது, அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று எங்கும் இல்லை. பிரிட்டிஷ் டபுள் குரோஷே என்பது அமெரிக்க சிங்கிள் குரோஷே; அமெரிக்க டபுள் குரோஷேயின் உயரமே வேறு. முதல் ரவுண்டில் (சுற்றில்) 40 ஸ்டிச் (கண்ணி), இரண்டாவதில் 48, கூட்டச் சொல்லும் வரி இல்லவே இல்லை. கட்டைவிரல் துளைக்கு எட்டு ஸ்டிச்சை விடச் சொல்கிறது. அந்த இடைவெளிக்கு மேல் செயின் (சங்கிலிக் கண்ணி) போடச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ரவுண்டில் எண்ணிக்கை குறையவும் இல்லை. எந்த மனிதரும் இதைப் பின்னிப் பார்த்து எழுதியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, "உள்ளங்கைச் சுற்றளவைவிட 4 செ.மீ. குறைவாகப் பின்னுங்கள், விரிந்து கொடுக்கும்" என்று ஒரு வரி. உண்மையான பருத்தியில் அப்படி நெருக்கமாகப் பின்னினால் விரல் முட்டிகளைத் தாண்டாது.

பிறகுதான் விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிக்கட்டுப் பகுதியில் வரிசை வரிசையாக 'வி' வடிவம்: அது இரண்டு ஊசிப் பின்னல், குரோஷே இல்லை. லேஸ் பூவின் ஒரு இதழ் எங்கிருந்தும் கிளம்பாமல் நடுவில் மறைகிறது. கணினி வரைந்த படம். மதிப்புரைகள் ஏராளம், அத்தனையிலும் அதே படம். தன் கையில் போட்டு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் மூன்று கட்டமாகப் பேசுகிறார்கள். முதலில் "நீங்கள் இறுக்கமாகப் பின்னுகிறீர்கள்". பிறகு "மேலதிகாரியிடம் பேசுகிறேன், ஒரு வாரம் பொறுங்கள்". அந்த வாரம் முடிந்தால் இன்னொரு வாரம். கடைசியில் "கண்டைப் பிரித்துவிட்டீர்கள், பேட்டர்னைத் தரவிறக்கிவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்". நடுவில் வரும் அந்தக் காத்திருப்புதான் பொறி. விற்பனைத் தளத்திலும் வங்கியிலும் புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு. அது கடக்கும்வரை இனிமையாகப் பேசுவார்கள். மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் என்றும் ஒரு பேரம் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தளத்தின் வழியாகவே புகாரைப் பதிந்து, உருகிய உருண்டையின் படத்தையும், எண்ணிக்கை உதைக்கும் வரிகளையும் இணைத்தேன். நூலுக்கான பணம் வந்தது, பேட்டர்னுக்கானது வரவில்லை.

வாங்கும் முன் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: 50 கிராமுக்கு எத்தனை மீட்டர், 10 செ.மீ.யில் எத்தனை ஸ்டிச், முடித்த கையுறையின் உள்ளங்கைச் சுற்றளவு, அமெரிக்கச் சொற்களா பிரிட்டிஷ் சொற்களா. தானே பின்னியவர் உடனே சொல்லிவிடுவார். கூடவே, கையுறையை உட்புறம் திருப்பி ஒரு படம் கேளுங்கள். என்னிடம் விற்றவரிடம் அது கிடையாது, இருக்கவும் முடியாது.

"மில்க் காட்டன்" என்று வருவதில் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதே படம் இப்போது வேறு கடைப் பெயரில் "மூங்கில் நூல் கிட்" ஆகியிருக்கிறது. மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழிலிருந்து செய்யும் இழை. அது பருத்தி போலவே எரிந்து சாம்பலாகும். எனவே அங்கே எரித்துப் பார்ப்பது அக்ரிலிக்கைக் காட்டிக்கொடுக்குமே தவிர, பருத்தியையும் விஸ்கோஸையும் பிரித்துச் சொல்லாது.