மானாமதுரை மண்ணுத் தட்டு: வாங்கி எட்டு மாசம் ஆச்சு

பறவை போட்டோன்னாலே எல்லாரும் லென்ஸ் பத்தித்தான் கேக்குறாங்க. நானும் 70-300 லென்ஸ வச்சுக்கிட்டு கொல்லைல மணிக்கணக்கா நின்னு வேப்பமர உச்சில புள்ளி மாதிரி தெரியுற குயிலத்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன். போன புரட்டாசில காரைக்குடில ரோட்டோரம் சட்டி பானை விக்கிற ஒரு அக்காகிட்ட பறவைங்க குடிக்க, குளிக்கத் தண்ணி வைக்கன்னு இந்தத் தட்ட வாங்குனேன், 180 ரூபா, அதே லென்ஸ்ல இப்ப கொண்டைக்குருவி கொண்டைல ஒட்டியிருக்கிற தண்ணிச் சொட்டு வரைக்கும் தெரியுது.

ஒன்னேகால் அடி அகலம், பூச்சு எதுவும் இல்லாத சுட்ட மண்ணு. ஓரத்துலேர்ந்து நடுவுக்கு மெல்ல மெல்ல சரிஞ்சு போகுது, நடுவுல ஆழம் ஒன்றரை இன்ச்தான், விஷயமே அதுலதான் இருக்கு. இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல பளபளன்னு ஒரு பீங்கான் தட்டு வாங்குனேன், மூணு இன்ச் ஆழம், உள்ள வழுவழுன்னு இருக்கும், மைனா விளிம்புல உக்காந்து குடிச்சிட்டுப் போகுமே ஒழிய ஒன்னுகூட இறங்கிக் குளிச்சதில்ல. இதுல சொரசொரப்பு இருக்கறதால நகம் பிடிக்குது.

காலைல ஏழரைக்கு தவிட்டுக்குருவிங்க ஏழெட்டு ஒன்னா வந்து எறங்கும், ஒன்னு மட்டும் முருங்கைக் கொப்புல உக்காந்து காவல் பாக்கும், மத்ததெல்லாம் தள்ளுமுள்ளு பண்ணிக் குளிச்சு பாதித் தண்ணிய வெளிய எறைச்சிரும். அந்தத் தண்ணி பக்கத்துக் கறிவேப்பிலைச் செடில தெறிச்சு இலை நனைஞ்சிருக்கும்ல, தையல்சிட்டு தட்டுக்கே வராது, அந்த ஈர இலைல உடம்ப உரசி உரசிக் குளிக்கும். அத மொதத் தடவ பாத்தப்ப போட்டோ எடுக்கவே கை வரல.

நான் தட்ட வச்சிருக்கிறது கிணத்தடி துவைகல்லு மேல, பின்கட்டு ஜன்னல்லேர்ந்து பத்தடி, உயரமும் சரியா குருவி கண்ணுக்கு நேரா வருது. ஜன்னல் கம்பிக்கு நடுவுல லென்ஸ விட்டுட்டு உள்ள லைட்ட அணைச்சிட்டா அதுகளுக்கு நம்ம அசைவு தெரியாது. தண்ணி தெறிக்கிறது உறைஞ்சு நிக்கணும்னா ஷட்டர் வேகத்த 1/1000 செகண்டு இல்ல அதவிட வேகமா வைங்க. செடிக்கு ரொம்ப ஒட்டி வச்சிராதீங்க, பூனை பதுங்கும்.

ஐப்பசில ஒரு சாயங்காலம் அப்பத்தா, "தம்பி, கலர் கலரா ஏதோ குஞ்சு நிக்குது பாரு"ன்னாங்க. ஆறுமணிக்குருவி! பச்ச முதுகு, வாலுக்கடில செவப்பு, கண்ணுல மையிட்ட மாதிரி கறுப்புப் பட்டை. வடக்கேயிருந்து குளிருக்கு நம்ம பக்கம் வர்ற குருவி, காலை மாலை ஆறு மணி வாக்குல கத்தறதாலதான் அந்தப் பேரு. சருகக் கிளறிப் பூச்சி தின்னும், அதனால அன்னிலேர்ந்து மாமரத்தடி சருக அப்பத்தா கூட்டறதே இல்ல. வெளிச்சம் பத்தாம 1/60ல எடுத்தேன், கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு, இருந்தாலும் பாத்த பறவைங்களப் பதிவு பண்ற ஈபேர்ட் (eBird) தளத்துல ஏத்திட்டேன்.

குறைன்னா, பூச்சு இல்லாததால தண்ணி கசியும், இந்த அக்னி நட்சத்திரத்துல மதியத்துக்குள்ள வத்திருது, ரெண்டு வேளை ஊத்தணும். ஆனா அந்தக் கசிவுலதான் தண்ணி ஜில்லுன்னு இருக்கு. பாசி சீக்கிரம் பிடிக்குது, ரெண்டு நாளைக்கு ஒருக்க தேங்கா நாரால தேச்சுக் கழுவுங்க, சோப்பு வேணாம், கழுவிக்கிட்டே இருந்தா கொசுப்புழுவும் வராது.

வாங்கறப்ப விரலால சுண்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், டொக்குன்னா விரிசல். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணில ஊறப் போட்டுட்டு வைங்க, அந்த அக்கா சொல்லிக் குடுத்தது. நான் இப்ப ரெண்டாவது ஒன்னு சொல்லி வச்சிருக்கேன், கீழ தரைல வைக்க, செம்போத்துக்கு.