சாக்கா, டிரம்மா, வாரத்துக்கு ஏழு கிலோவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் பத்துக் கோழி வளர்க்கிறவர்களுக்குச் சோளம் (மக்காச்சோளம்) வைக்க மூன்று வழி உண்டு. 50 கிலோ சாக்கை அஞ்சடியில் (வீட்டு முன் நடையில்) சாய்த்து வைக்கலாம், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டலாம், இல்லை தீவனக் கடையில் வாராவாரம் நிறுத்து வாங்கலாம்.

சாக்கு மலிவு. காற்றோட்டமும் இருக்கும் என்பார்கள். ஆனால் இங்கே மாலை மழைக்குப் பின் வருவது ஈரக்காற்று, காய்ந்த சோளம் அதை உறிஞ்சிவிடும். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். சிமெண்டுத் தரையில் வைத்தால் அடியில் இருப்பது முதலில் கட்டி தட்டும்.

டிரம்முக்குள் எலியும் வண்டும் நுழையாது. வண்டு துளைத்த மணியில்தான் பூசணம் சுலபமாக ஏறும் என்பதால் இது சின்ன லாபமில்லை. ஆனால் சரியாகக் காயாத சோளத்தைக் கொட்டி மூடினால், இரவுக் குளிரில் மூடி வியர்த்து மேல்மணியில் சொட்டும். கொட்டுமுன் ஒரு சோதனை: காய்ந்த பாட்டிலில் கொஞ்சம் சோளமும் உலர்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் சோளம் இன்னும் காயவில்லை.

பூசணத்தைத் தட்டிவிட்டுப் போட்டால் ஆகாதா? ஆகாது. அஸ்பர்ஜில்லஸ் பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் கண்ணுக்குத் தெரியாது, சாதாரணக் கொதியில் அழியாது, ஈரலைத் தாக்கும், புற்றுநோயும் தரும். கென்யாவில் 2004-இல் ஈரத்தில் கெட்ட சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். நம் பேராக்கிலேயே 1988-இல் லோ சீ ஃபன் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். அது அரிசி மீ (நூடுல்ஸ்) என்றாலும், உடல்களில் இதே நஞ்சு இருந்தது.

வாராவாரம் வாங்கினால் கடைக்காரரின் திறந்த மூட்டையைத்தான் நம்ப வேண்டும். உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடோ மக்கிய வாடையோ இருந்தால் திரும்பிவிடுங்கள்.

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு கோழி நாளுக்கு 100 கிராம் சொச்சம் தின்னும். வெறும் சோளமே போட்டாலும் பத்துக் கோழிக்கு ஒரு சாக்கு ஏழு வாரம் வரும், சோற்று மிச்சமும் போட்டால் இன்னும் இழுக்கும். அத்தனை மழை நாட்களுக்கு அஞ்சடியில் எதுவும் காய்ந்திருக்காது. முப்பது கோழிக்கு மேல் என்றால் டிரம் சரி. வாத்து வைத்திருந்தால் இன்னும் கவனம், கோழியைவிட வாத்துக்குஞ்சுதான் இந்த நஞ்சில் சீக்கிரம் சுருளும்.

சில்லறையாக வாங்கினால் விலை கூடத்தான். அதனால் எங்கள் லயத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரு சாக்கு வாங்கி, அன்றைக்கே பிரித்துக்கொள்கிறோம்.